ஊர்க்காவலும் ஊரைக் காத்த கதையும்

போன ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். ஆண்டாள் தேர் பார்க்கணும்னு வீட்டுல ஒரே நச்சரிப்பு. வடம் புடிக்கிற கூட்டத்துல சட்டை கசங்கி, செருப்பு ஒத்தையா போய், ஒரு பந்தல்காலைப் புடிச்சு நின்னப்ப எதிர்ல காக்கி உடுப்புல ஒருத்தர் கையில லத்தியோட கயிறு கட்டி கூட்டத்தைத் தள்ளிக்கிட்டிருந்தார். உத்துப் பாத்தா நம்ம மச்சான்! பகல்ல அச்சாபீஸ்ல காலண்டருக்குத் தகரம் அடிக்கிற ஆளு. ஊர்க்காவல் படையில சேர்ந்திருக்காராம். திருவிழா, தேர்தல், முதல்வர் வருகைன்னா கூப்பிட்டு விடுவாங்களாம். மாசச் சம்பளம் கிடையாது, பணி செய்த நாளுக்குப் படி.

கூட வந்த அக்கா பையன் கேட்டான்: "மாமா, இவங்க போலீசா, மிலிட்டரியா?"

"ரெண்டும் இல்லடா."

"அப்ப எதுக்கு யூனிபாரம்?"

பதில் சொல்லத் தெரியல. ஐஸ் வாங்கிக் குடுத்து வாயை அடைச்சுட்டேன் :-) ஆனா கேள்வி மட்டும் உள்ளயே கிடந்து அரிச்சுக்கிட்டு இருந்துச்சு. போலீசும் இல்லாம, பட்டாளமும் இல்லாம, சொந்த ஊரைக் காக்க சொந்த ஊர் ஆளையே நிறுத்துற பழக்கம் எங்கேர்ந்து வந்துச்சு? நோண்ட ஆரம்பிச்சேன். நோண்டினா ஒரு பக்கம் இங்கிலாந்து, இன்னொரு பக்கம் நம்ம சாத்தூர். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

*

முதல்ல வெள்ளைக்காரன் வீட்டுக் கதை.

1756ல இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சண்டை மூண்டுச்சு. ஏழாண்டுப் போர்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். இங்கிலாந்தோட பட்டாளம் அமெரிக்கா, இந்தியான்னு உலகம் பூரா சிதறிக் கிடந்துச்சு. பிரெஞ்சுக்காரன் கப்பல்ல வந்து இறங்கிட்டா வீட்டைக் காக்க ஆள் இல்ல. என்ன பண்ணாங்க? ஜெர்மனியிலேர்ந்து ஹெஸ்ஸே, ஹானோவர் நாட்டுக் கூலிப் படையைக் கூட்டிட்டு வந்து இங்கிலாந்துல நிறுத்தினாங்க. ஊரே காறித் துப்புச்சு. "நம்ம வீட்டைக் காக்க அடுத்தவன் எதுக்கு?"ன்னு பேச்சு.

அதுக்குப் பதிலா 1757ல வந்ததுதான் மிலிஷியா சட்டம். மிலிஷியான்னா ஊர்க்காவல் படைன்னே வச்சுக்குவோம். இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுக்கும் சேர்த்து சுமார் 32,000 பேர். ஒவ்வொரு கவுண்டியும், அதாவது ஒவ்வொரு ஜில்லாவும், இத்தனை பேர் தரணும்னு கணக்கு. 18லேர்ந்து 50 வயசு வரைக்கும் உள்ள ஆம்பளைங்க பேரை எழுதி குலுக்கல் போடுவாங்க. நம்ம ஊர் ஏலச்சீட்டு குலுக்கல் மாதிரி, ஆனா விழுந்தா பரிசு கிடையாது, மூணு வருஷம் துப்பாக்கி :-) காசு உள்ளவன் 10 பவுண்டு கட்டிட்டோ, தனக்குப் பதிலா வேற ஒரு ஆளைக் கூலிக்கு நிறுத்திட்டோ தப்பிச்சுக்கலாம். காசு இல்லாதவன் போகணும். அதிகாரிப் பதவிக்கோ சொத்து இருக்கணும். ஆக நிலம் வச்சிருக்கிறவன் தலைவன், ஏர் புடிக்கிறவன் சிப்பாய்.

சட்டம் வந்த அதே வருஷம் யார்க்‌ஷயர், லிங்கன்ஷயர் பக்கமெல்லாம் கலவரம். குடியானவங்க கூட்டமாப் போய் பெயர்ப் பட்டியலைப் புடுங்கிக் கிழிச்சுப் போட்டாங்க. அவங்க பயம் என்னன்னா, "ஊரைக் காக்கன்னு சொல்லிட்டு கப்பல்ல ஏத்தி வெளிநாட்டுக்கு அனுப்பிட்டா?" சட்டத்துல அப்படி அனுப்பக் கூடாதுன்னு இருந்துச்சு. யார் நம்பினா? நியாயமான சந்தேகம்தான்.

இதுல மனசை உறுத்துனது ஒண்ணு. 1761 மார்ச் 9. வடக்கே ஹெக்ஸாம்னு ஒரு சந்தை ஊர். குலுக்கலை எதிர்த்து சுரங்கத் தொழிலாளிங்களும் குடியானவங்களும் திரண்டு வந்தாங்க. அவங்களை அடக்க நிறுத்தியிருந்தது வடக்கு யார்க்‌ஷயர் மிலிஷியா. துப்பாக்கிச் சூட்டுல சுமார் 50 பேர் செத்தாங்க. யோசிச்சுப் பாருங்க, நாலு வருஷம் முன்னாடி இதே குலுக்கலை எதிர்த்துக் கலவரம் பண்ணுன யார்க்‌ஷயர்லேர்ந்து குலுக்கல்ல வந்த ஆளுங்க, வேற ஒரு ஜில்லாவுல குலுக்கல் வேணாம்னு சொன்னவங்களைச் சுடுறாங்க. ஊர்க்காவலனை அவனோட சொந்த ஊர்ல நிறுத்தாம வேற ஊர்ல நிறுத்துறது ஏன்னு இப்ப புரியுதா? சொந்தக்காரனைப் பார்த்தா கை நடுங்கும்ல.

ரோமாபுரி வீழ்ந்த வரலாற்றை எழுதின எட்வர்ட் கிப்பன் கூட 1760லேர்ந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஹாம்ப்‌ஷயர் மிலிஷியாவுல கேப்டனா இருந்தவர்தான். ரோமானியப் படை எப்படி நடந்திருக்கும்னு புரிஞ்சுக்க அந்த அனுபவம் உதவுச்சுன்னு அவரே எழுதி வச்சிருக்கார்.

*

இங்கதான் சுவாரசியமான இடம். 1757ல சட்டம் வந்தது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான். ஸ்காட்லாந்துக்குக் கிடையாது!

ஏன்? 1745ல ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரங்க பழைய ராஜவம்சத்துக்காகக் கிளம்பி இங்கிலாந்துக்குள்ளயே பாதி தூரம் வந்துட்டாங்க. 1746ல தோத்ததும் அவங்ககிட்ட இருந்து ஆயுதத்தைப் பறிக்கச் சட்டம் வந்துச்சு. வாள், துப்பாக்கி எதுவும் வச்சிருக்கக் கூடாது. அப்படிப்பட்டவன் கையில ஊர்க்காவல்னு சொல்லித் துப்பாக்கி குடுப்பாங்களா? அவங்களுக்கு மிலிஷியா கிடைச்சது 1797லதான். அப்பவும் குலுக்கல் வேணாம்னு ட்ரானென்ட்ங்கிற ஊர்ல மக்கள் நின்னப்ப பட்டாளம் புகுந்து சுட்டதுல பத்துப் பேருக்கு மேல செத்தாங்க.

ஆனா அதே ஸ்காட்டுக்காரனைக் கப்பலேத்தி வெளிநாட்டுக்கு அனுப்ப மட்டும் யோசிக்கல. லவட் பிரபுன்னு ஒருத்தர், கலகத்துல சேர்ந்ததுக்காக 1747ல தலையை வெட்டினாங்க. அவர் மகன் சைமன் ஃப்ரேசர் 1757ல ஒரு மலைநாட்டு ரெஜிமெண்டைத் திரட்டிக் குடுத்தார். அது 1759ல கனடாவுல க்யுபெக் சண்டையில நின்னுச்சு. 1780ல மெக்லியட் திரட்டின மலைநாட்டுப் படை வந்து இறங்கினது எங்க தெரியுமா? நம்ம மெட்ராஸ்ல!

அதாவது உன் வீட்டைக் காக்க உனக்கு ஆயுதம் கிடையாது. எனக்காக அடுத்தவன் வீட்டைப் புடிக்கணும்னா இந்தா துப்பாக்கி. இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க. நம்ம ஊருக்கு வரும்போது தேவைப்படும்.

*

இப்ப நம்ம கரிசக்காட்டுக்கு வருவோம்.

மதுரையில விசுவநாத நாயக்கர் 1529ல ஆட்சிக்கு வந்தார். அவரும் அரியநாத முதலியாரும் சேர்ந்து நாட்டை 72 பாளையமாப் பிரிச்சாங்கன்னு படிச்சிருப்போம். பாளையம்னாலே படை முகாம்தான். பாளையக்காரர் வேலை மூணு: வரி வசூலிக்கணும், கூப்பிட்டா படை கொண்டாரணும், ஊரைக் காக்கணும்.

இன்னிக்கு விருதுநகர் மாவட்டம்னு சொல்றோமே, இது 1985ல உண்டான மாவட்டம். 1910ல ராமநாதபுரம் ஜில்லா உண்டாகுற வரைக்கும் சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் திருநெல்வேலிச் சீமைதான். அந்தச் சீமையோட கிழக்குப் பாளையங்கள்ல சாத்தூர் இருக்கு, மேற்குப் பாளையங்கள்ல சேத்தூர் இருக்கு. இந்தப் பக்கம் ஏழாயிரம்பண்ணை, மலையடிவாரத்துல கொல்லங்கொண்டான். பஸ்ல போகும்போது பெட்டிக்கடையும் தீப்பெட்டி ஆபீசும் மட்டும்தான் கண்ணுல படும். ஒவ்வொண்ணும் ஒரு காலத்துல மண்கோட்டையும் முள்வேலியும் வச்ச சின்ன ராஜ்ஜியம்.

படைன்னா சம்பளப் பட்டாளம் கொஞ்சம்தான். மத்தவன் எல்லாம் மானிய நிலம் வாங்கிக்கிட்டு உழுது திங்கிற ஆளு. கொம்பு ஊதினா ஏரைப் போட்டுட்டு ஈட்டியைத் தூக்கிட்டு வரணும். வேல்கம்பு, வாள், வளரி, திரி வச்சுச் சுடுற நாட்டுத் துப்பாக்கி. ஆயுதம் அவனவன் வீட்டு எரவானத்துலயே இருக்கும். இங்கிலாந்து மிலிஷியாவுல துப்பாக்கியை அரசாங்கம் குடுத்து, பயிற்சி முடிஞ்சதும் வாங்கி வச்சுக்கும். ரெண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான்.

காவல்ல ரெண்டு வகை. ஒரு ஊரைக் காக்குறது ஸ்தலகாவல். பல ஊர், வழித்தடம், சந்தை எல்லாத்தையும் சேர்த்துக் காக்குறது தேசகாவல். இதுக்கு ஊர்க்காரன் தானியமாவோ பணமாவோ காவல் கூலி குடுக்கணும். இதுல ஒரு அருமையான விதி: களவு போச்சுன்னா காவல்காரன் கண்டுபுடிச்சுக் குடுக்கணும். முடியலைன்னா தன் கையிலேர்ந்து ஈடு கட்டணும். இன்னிக்கு எந்தக் காப்பீட்டுக் கம்பெனியாவது இவ்வளவு தெளிவா எழுதிக் குடுக்குமா? :-))

ஆனா இதை அப்படியே பொற்காலமாக்கிட வேணாம். எழுதுறவன் தன் ஊர்க் கதையைச் சொல்லும்போது வர்ற முதல் நோய் அதுதான். காவல் கூலி குடுக்காத ஊர்ல திடீர்னு மாடு காணாமப் போகும். யார் கொண்டு போனதுன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் ஒருத்தர் வந்து 'துப்புக்கூலி' பேசுவார். மாட்டு விலையில ஒரு பங்கைக் குடுத்தா மாடு மறுநாள் ஊர் எல்லையில கட்டிக் கிடக்கும். காக்குறவனே களவாங்கினா என்ன செய்யிறது? கம்பெனியோட கலெக்டர் லஷிங்டன், 1800ஐ ஒட்டி, பாளையக்காரங்க தேசகாவல்னு சொல்லி ஊர்களைக் கறக்குறாங்கன்னு பக்கம் பக்கமா எழுதினார். அவருக்கு ஒரு உள்நோக்கம் இருந்துச்சு, அந்தக் கூலி கம்பெனி கஜானாவுக்கு வரணும். அதுக்காக அவர் சொன்னது பூராவும் பொய்யும் இல்ல.

*

இங்கிலாந்துல மிலிஷியா குலுக்கல் நடந்த அதே காலத்துல கம்பெனி இங்க தன்னோட படையைக் கட்டிக்கிட்டு இருந்துச்சு. 1746ல பிரெஞ்சுக்காரன் சென்னைப் பட்டணத்தையே புடிச்சுட்டான். 1749லதான் ஒப்பந்தப்படி திரும்பக் கிடைச்சுச்சு. சூடு கண்ட பூனை சும்மா இருக்குமா? ஸ்டிரிங்கர் லாரன்ஸ் இங்கத்து ஆளுங்களையே சேர்த்து, வெள்ளைக்காரப் பயிற்சி குடுத்து, சிப்பாய்ப் பட்டாளமாக்கினார். இன்னிக்கு மெட்ராஸ் ரெஜிமெண்ட் தன் பிறப்பை 1758லேர்ந்துதான் எண்ணுது.

அந்தச் சிப்பாய்ப் படைக்குத் தளபதியா மேல வந்தவர்தான் யூசுப் கான், நம்ம மருதநாயகம். நெல்கட்டும்செவல் பூலித்தேவர்கிட்ட 1755ல கர்னல் ஹெரான் வந்து முட்டிப் பார்த்துட்டு, மண்கோட்டையை உடைக்கப் பெரிய பீரங்கி இல்லாம வெறுங்கையோட திரும்பினார். 1761ல அந்தக் கோட்டையைப் புடிச்சது யூசுப் கான். மூணே வருஷம். 1764 அக்டோபர் 15ல, கம்பெனிக்கு எதிராத் திரும்பிட்டார்னு அதே யூசுப் கானை மதுரையில தூக்குல போட்டாங்க. மேல சொன்ன சைமன் ஃப்ரேசர் கதையோட இதைச் சேர்த்துப் பாருங்க. அடுத்தவன் கோட்டையைப் புடிக்கிற வரைக்கும் தங்கக் கம்பி, தனக்குன்னு ஒரு கோட்டை வேணும்னு நினைச்சா கயிறு.

அப்புறம் கட்டபொம்மன். 1798ல கலெக்டர் ஜாக்சன் வரச் சொல்லிட்டு பார்க்காம, ஊர் ஊரா இழுத்தடிச்சது தெரியும்ல. அந்த வழித்தடத்துல நம்ம ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கு, விருதுநகர் பக்கத்துல பாவாலியும் இருக்கு. 23 நாள் அலைய விட்டு, செப்டம்பர் 10ல ராமநாதபுரத்துல சந்திப்பு. மீதி எல்லாருக்கும் மனப்பாடம். 1799 அக்டோபர் 16ல கயத்தாறு புளியமரம். அதோட பாஞ்சாலங்குறிச்சி மட்டுமில்ல, ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி மாதிரியான பாளையங்களும் பறிபோச்சு.

1801 பிப்ரவரியில ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலேர்ந்து தப்பி வந்து, இடிச்சுப் போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாள்லயே திரும்பக் கட்டிட்டார். எப்படி முடிஞ்சுச்சு? சம்பளத்துக்கு வந்த ஆளா இருந்தா முடியாது. ஏர் புடிச்சவன் மண்வெட்டி புடிச்சான், அப்புறம் ஈட்டி புடிச்சான். கம்பெனிக்குப் பயம் வந்தது இதைப் பார்த்துத்தான். தலைவனைத் தூக்குல போட்டா போதாது, எரவானத்துல இருக்கிற வேல்கம்பு இருக்கிற வரைக்கும் படை இருக்குன்னு அவனுக்குப் புரிஞ்சுபோச்சு.

மே மாசம் கோட்டை விழுந்துச்சு. அக்டோபர் 24ல திருப்பத்தூர்ல மருது சகோதரர்களைத் தூக்குல போட்டாங்க. டிசம்பர் 1ல கவர்னர் கிளைவ் பிரபு (வங்காளத்துக் கிளைவோட மகன்) ஒரு பிரகடனம் போட்டார். துப்பாக்கி, ஈட்டி எதையும் அனுமதியில்லாம வச்சிருக்கக் கூடாது, மீறினா கடும் தண்டனை, கோட்டைகளை இடிக்கணும். ஸ்காட்லாந்துல 1746ல செஞ்சதை அப்படியே கொண்டாந்து கரிசக்காட்டுல இறக்கிட்டாங்க. 1803ல பாளையக்காரர் எல்லாம் ஜமீன்தார் ஆனாங்க. பல்லு புடுங்கின பாம்பு, ஆனா பட்டுத் தலைப்பாகை :-)

*

சரி, ஆயுதத்தைப் புடுங்கியாச்சு. அப்புறம் ஊரை யார் காத்தா?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 1816ல சட்டம் போட்டு ஊர் முன்சீப்புக்கும் தலையாரிக்கும் பொறுப்பைக் குடுத்தாங்க. 1859ல மெட்ராஸ் போலீஸ் சட்டம் வந்துச்சு. காகிதத்துல எல்லாம் சரி. பல மைல் சுத்துக்கு ஒரு ஸ்டேஷன், நாலு கான்ஸ்டபிள். அதனால பழைய காவல் முறை சட்டத்துக்கு வெளியில அப்படியே ஓடிக்கிட்டு இருந்துச்சு. கூலியும் உண்டு, துப்புக்கூலியும் உண்டு. ஈடு கட்டுற கடமை மட்டும் மெல்ல மறைஞ்சுபோச்சு. பொறுப்பு போய் வசூல் மட்டும் மிஞ்சினா அது காவல் இல்லீங்க, வேற பேரு.

1899 ஜூன் 6. சிவகாசி. கோயில் நுழைவு விஷயமா வருஷக்கணக்குல புகைஞ்சுக்கிட்டு இருந்த பகை. சுத்துப்பட்டுலேர்ந்து ஆயிரக்கணக்குல திரண்ட கூட்டம் ஊருக்குள்ள பாய்ஞ்சுச்சு. வரப்போறாங்கன்னு ஊருக்கு முன்னாடியே தெரியும். தடுத்து நிறுத்துற அளவுக்கு சர்க்கார் படை ஊர்ல இல்ல. ஊர்க்காரங்க தாங்களே அணி கட்டி நின்னாங்க. ரெண்டு பக்கமும் சாவு, எரிஞ்சுபோன வீடுங்க. பட்டாளமும் தண்டப் போலீசும் எல்லாம் முடிஞ்சப்புறம் வந்துச்சு. யார் எந்தச் சாதின்னு கணக்குப் பார்க்க இதை எழுதல. அந்தப் புண்ணைக் கிளறி யாருக்கும் லாபமில்ல. நான் பார்க்கிறது ஒண்ணுதான். ஆயுதத்தைப் பறிச்ச சர்க்கார், "இனிமே உன்னை நான் காக்குறேன்"னு சொல்லாமலே ஒரு வாக்குக் குடுத்திருக்கு. 98 வருஷம் கழிச்சு அந்த வாக்கு சோதனைக்கு வந்தப்ப, ஆளக் காணோம்.

1923ல கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் திரும்பி வந்தப்ப சிவகாசியோட தலையெழுத்தே மாறிப்போச்சு. வெடியுப்பு, கந்தகம், கரி. இந்த மூணையும் பாளையக்காரன் துப்பாக்கிக்கு மருந்தா இடிச்சான். இன்னிக்கு அதே கரிசல் மண்ணுல லைசென்ஸ் வாங்கி மருந்து உருட்டுறோம், இந்தியா பூரா தீபாவளி கொண்டாடுது. அதுலயும் எத்தனை கிலோ வைக்கலாம், எந்தக் கொட்டகையில எத்தனை பேர் உக்காரலாம்னு சர்க்கார்தான் சொல்லுது. இதுல எனக்குக் குறை இல்ல. விதியை மீறினப்ப என்ன நடக்கும்னு இந்தப் பக்கத்துல பொறந்த எல்லாருக்கும் தெரியும்.

*

கடைசியா எங்க வீட்டுக் கதை ஒண்ணு.

எங்க தாத்தாவோட அப்பா களத்துமேட்டுக் காவக்காரர். அறுவடைக்கு நாலு மரக்கா கம்பு கூலி. ஒரு தடவை ஒரு விதவைப் பாட்டியோட ரெண்டு வெள்ளாடு களவு போச்சாம். மூணு நாள் தேடியும் கிடைக்கல. அந்தக் காலத்துலயே ஈடு கட்டுற வழக்கமெல்லாம் மலையேறிப் போச்சு, யாரும் அவரைக் கேக்கல. ஆனா மனுசன் தன் வீட்டு ஆட்டை ரெண்டைப் புடிச்சுட்டுப் போய் பாட்டி வீட்டு முளையில கட்டிட்டு வந்துட்டார். எங்க பூட்டி ஒரு மாசம் அவர்கூடப் பேசலையாம். தாத்தா இந்தக் கதையைச் சொல்லும்போது பெருமையாச் சொல்ல மாட்டார். "கூலி வாங்கினோம்ல, அப்புறம் என்ன?"ன்னு முடிச்சுடுவார்.

நாடு பூராவும் ஊர்க்காவல் படை இப்ப இருக்கிற உருவத்துக்கு வந்தது 1962 சீனப் போருக்கு அப்புறம். தமிழ்நாட்டுக்கு 1963ல சட்டம் வந்துச்சு. குலுக்கல் கிடையாது, விருப்பப்பட்டு சேர்றது. துப்பாக்கிக்குப் பதிலா லத்தி. வெளியூருக்குக் கப்பலேத்த மாட்டாங்க :-)

தேர் நிலைக்கு வந்தப்புறம் மச்சான் வேர்த்து விறுவிறுத்து வந்து உக்காந்தார். கையில ஒரு ஒத்தைக் கொலுசு. கூட்டத்துல ஏதோ குழந்தை தொலைச்சதாம். "குடுத்துட்டு வந்துர்றேன் மாப்ள, நீங்க சாப்பிடுங்க"ன்னு ஒலிபெருக்கி கட்டியிருந்த பந்தல் பக்கம் திரும்பவும் நடந்துட்டார். அக்கா பையன்கிட்ட சொன்னேன்: "அவங்க போலீசும் இல்ல, மிலிட்டரியும் இல்லடா. காவக்காரங்க."

அவனுக்குப் புரிஞ்சுச்சான்னு தெரியல. இன்னொரு ஐஸ் கேட்டான்.

உங்க ஊர்ப்பக்கம் காவல் கூலி, துப்புக்கூலி பத்தி பெரியவங்க சொன்ன கதை இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே. இதெல்லாம் அவங்களோட போயிடும், அதுக்குள்ள எழுதி வச்சுக்குவோம்.